தோட்டப் பட்டணத்துச் சபையில் வேத வாசிப்பை இன்றைய தமிழுக்குக் கொண்டுவருவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரியான ஊரில் தமிழ்ச் சபை என்றால் ஒரே கூரையின்கீழ் இரண்டு மூன்று விதமான தமிழ் உட்கார்ந்திருக்கும். பால்மரக் (ரப்பர்) காட்டில் வேலை செய்து ஓய்ந்த பாட்டிகள் பழைய வேதாகமத்தைப் புத்தகம் பார்க்காமலே சொல்வார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்குப் ‘படைத்தார்’ தெரியும், ‘சிருஷ்டித்தார்’ தெரியாது. மலாய் வழித் தேசியப் பள்ளிக்குப் போனவர்கள் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள். கையில் வேதாகமத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டத் தொடங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு இவர்கள் எல்லாருடைய காதுக்கும் போய்ச் சேர வேண்டும்.

வாசிப்புப் பொறுப்புக்கோ ஞாயிறு பள்ளிக்கோ புதிதாக வந்து, ‘இந்தப் பகுதியைக் கொஞ்சம் எளிமையாக எழுதிக் கொண்டு வாங்க’ என்று போதகர் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இது. நாம் செய்யப்போவது புதிய மொழிபெயர்ப்பு இல்லை. அதற்கு எபிரெயமும் கிரேக்கமும் தெரிந்த ஒரு குழு வேண்டும், பல வருடங்கள் வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்குகிற வாசிப்புத் தாள் ஒன்றைத் தயார் செய்வதுதான் நம் வேலை.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது சொற்களில். ஜீவனை எடுத்துவிட்டு உயிர், ஆஸ்தியை எடுத்துவிட்டு சொத்து. அதெல்லாம் ஒரு மணி நேர வேலை. ஆனால் கேட்கிறவர்களைத் தடுக்கி விடுவது பெரும்பாலும் வாக்கியம்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள்

நம் வீடுகளில் இருக்கும் கருப்பு அட்டை வேதாகமம் பெரும்பாலும் 1871-இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழி வந்தது. ஹென்றி பவர் என்பவர் தலைமையில் ஒரு குழு செய்த திருத்தம் அது. இளைஞர்கள் அதை ‘ஓவி’ (‘ஓல்ட் வெர்ஷன்’, பழைய பதிப்பு) என்பார்கள். ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. அவர் இறந்தபின் சூல்ட்சே பழைய ஏற்பாட்டை முடித்து 1728-க்குள் அச்சேற்றினார். அதைப் பெப்ரிஷியஸ் திருத்தினார், பிறகு ரேனியஸ், அப்புறம் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல். பெர்சிவலுக்கு உதவியாக இருந்தவர் சைவத்துக்காகப் பேனா பிடித்த ஆறுமுக நாவலர் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். இவர்கள் எல்லாருக்கும் பிறகுதான் பவர். பவர் வந்த பின்னும் லூத்தரன் சபைகள் பெப்ரிஷியஸை விட மனமில்லாமல் வெகுகாலம் வைத்திருந்தன. ஆக, ‘வேதத்தைத் திருத்தலாமா’ என்று யாராவது கேட்டால், நீங்கள் கையில் வைத்திருப்பதே திருத்தத்தின் திருத்தம்தான் என்று மரியாதையாகச் சொல்லலாம். சண்டைக்குப் போக வேண்டாம்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, 1995-இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு. நல்ல தமிழ், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். இன்னொன்று, 2019-இல் வந்த இந்தியத் திருத்திய பதிப்பு. இது பழைய ஓசையை அதிகம் கலைக்காமல் சொற்களை மட்டும் தளர்த்துகிறது. ஆங்கிலத்தில் ஒன்றும் இருந்தால் நல்லது. எல்லாமே கைப்பேசியில் கிடைக்கும்.

எந்தப் பகுதியில் தொடங்குவது

கதையில் தொடங்குங்கள். உவமைகள், ரூத், யோனா. நிருபங்கள் பக்கம் இப்போது போகாதீர்கள்.

மனப்பாடமாக இருக்கிற பகுதிகளைத் தொடவே தொடாதீர்கள். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்பதில் ‘தாழ்ச்சியடையேன்’ இன்று யாரும் பேசாத சொல்தான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், துக்க வீட்டில், நள்ளிரவில் ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் சேர்ந்து முடிப்பது அந்த வரியைத்தான். கர்த்தருடைய ஜெபமும் அப்படியே. பிள்ளைகளுக்குப் பொருளைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள், வரியை மாற்றாதீர்கள். யோவான் 3:16-உம் இந்தப் பட்டியலில் வரும். ஆனாலும் அதை ஒரு தடவை பாடமாக எடுத்துப் பார்க்கலாம்:

‘தேவன், தம்முடைய ஒரேபேறான குமாரனை விசுவாசிக்கிறவன் எவனோ அவன் கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடையும்படிக்கு, அவரைத் தந்தருளி, இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்.’

‘தேவன்’ என்று தொடங்கி ‘அன்புகூர்ந்தார்’ என்று முடிவதற்குள் பத்துச் சொற்களுக்கு மேல் ஓடிவிட்டன. நடுவில் விசுவாசிக்கிறவன் ஒருவன் வந்துபோகிறான், காரணம் வருகிறது, தந்தது வருகிறது. அன்பு கடைசியில்தான் தலைகாட்டுகிறது. தெரிந்த வசனம் என்பதால் நமக்கு உறைக்கவில்லை. முதல் முறை கேட்கிறவர் ‘குமாரனை’ என்று கேட்டதும் குமாரனை என்ன செய்தார் என்று காத்திருப்பார். ‘விசுவாசிக்கிறவன்’ வந்து அவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ‘ஒரேபேறான’ என்பதை மாற்றிவிட்டால் இது சரியாகிவிடுமா? ஆகாது. இதே முடிச்சு, யாருக்கும் மனப்பாடமாக இல்லாத ஆயிரம் வசனங்களிலும் இருக்கிறது. நாம் அவிழ்க்க வேண்டியவை அவை.

உரக்க வாசித்துக் குறியிடுங்கள்

எடுத்த பகுதியைப் பழைய மொழிபெயர்ப்பில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்காதீர்கள், பதினைந்து வயதுப் பிள்ளை யாராவது வாசிக்கட்டும். நீங்கள் பென்சிலோடு பக்கத்தில் உட்காருங்கள். எங்கே மூச்சு விட்டார், எங்கே திரும்பப் போனார், எங்கே முகம் சுளித்தார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கடினமான சொல்லில் திக்குவார் என்று நினைப்போம். பெரும்பாலும் அதைத் தாண்டி, வினைச்சொல் எங்கே என்று தேடுகிற இடத்தில்தான் திணறுவார்.

ஒரு பகுதியைச் செய்து பார்ப்போம்: மத்தேயு 20

நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி இல்லை. திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிற கதை. மலேசியத் தமிழ்க் காதில் ‘தோட்டம்’ என்று விழுந்தாலே லயம் (வரிசை வீடுகள்), பெரட்டு (காலையில் பேர் கூப்பிடுவது), மண்டோர் (கங்காணி), கிராணி (தோட்டக் கணக்கர்) எல்லாம் சேர்ந்தே வரும். விடியாத நேரத்தில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆள் பிரித்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம் பெஞ்சுகளில் இருக்கிறார்கள். இந்தக் கதைக்கு அலங்காரம் எதுவும் வேண்டாம். வழியை மறிக்கிறதை விலக்கினால் போதும்.

முதல் மறிப்பு மணிக்கணக்கு. பழைய பாடத்தில் ‘மூன்றாம் மணி வேளை’, ‘ஆறாம் ஒன்பதாம் மணி வேளை’, ‘பதினோராம் மணி வேளை’ என்று வரும். அந்தக் காலத்தில் சூரியன் உதித்ததிலிருந்து எண்ணினார்கள். மூன்று என்றால் நமக்குக் காலை ஒன்பது; ஆறு என்றால் நண்பகல்; ஒன்பது என்றால் பிற்பகல் மூன்று; பதினொன்று என்றால் மாலை ஐந்து. இதை மாற்றாமல் வாசித்தால் கடைசியில் வந்தவன் பகல் பதினொரு மணிக்கு வந்ததாகத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். அப்புறம் ‘ஒரு மணி நேரமாத்திரம் வேலைசெய்தார்கள்’ என்ற முறுமுறுப்பு எப்படிப் புரியும்? கதையே அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஆகவே காலை ஒன்பது, மாலை ஐந்து என்று நேராகவே போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கூலி. பழையது ‘நாளொன்றுக்கு ஒரு பணம்’ என்கிறது. மூலத்தில் உள்ள காசு தெனாரியம், ரோம வெள்ளி நாணயம். சாதாரண உழைப்பாளியின் ஒரு நாள் கூலி. ‘ஒரு வெள்ளிக்காசு’ என்று எழுதக் கை துடிக்கும். தமிழ்நாட்டில் எழுதலாம், இங்கே எழுதாதீர்கள். நமக்கு ‘வெள்ளி’ என்றால் ரிங்கிட். நாள் முழுக்க வெயிலில் நின்றவனுக்கு ஒரு வெள்ளியா என்று பின்வரிசை கணக்குப் போட ஆரம்பித்துவிடும், முதலாளி கஞ்சனாகிவிடுவார். சரி, இன்றைய ரிங்கிட் கணக்கில் போடலாமா என்றால் அதுவும் நிற்காது. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022-இல் 1,500 ரிங்கிட், 2025-இல் 1,700. தாள் பழசாகும் முன் தொகை பழசாகிவிடும். ‘ஒரு நாள் கூலியான ஒரு தெனாரியம்’ என்று முதல் தடவை எழுதி, அப்புறம் ‘ஒரு நாள் கூலி’ என்று விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, மரியாதை. பழைய பாடத்தில் முதலாளி ‘அவன்’. கிரேக்கத்தில் அவன், அவர் என்று இரண்டு கிடையாது; தமிழில் எதைப் போடுவது என்பதை மொழிபெயர்க்கிறவர்தான் முடிவு செய்கிறார். 19-ஆம் நூற்றாண்டு எழுத்தில் கதைமாந்தர்களை அவன், அவள் என்பது இயல்பு. ஆபிரகாமும் அவன், பேதுருவும் அவன். இன்று ஒரு பிள்ளை ‘பேதுரு சொன்னான்’ என்று கேட்டால், ஏதோ தப்பு செய்தவன் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு ‘அவர்’ போடுங்கள். இந்த உவமையில் முதலாளி யாரைக் குறிக்கிறார் என்று தெரிந்த பிறகு ‘அவன்’ என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை.

எதிரில் நிற்பவரிடம் பேசும்போது? பழைய பாடத்தில் வேலையாட்கள் முதலாளியிடம் ‘சமமாக்கினீரே’ என்கிறார்கள். ‘நீர்’ நம் பேச்சில் இல்லை. மனிதர்கள் தங்களுக்குள் பேசும் இடத்தில் ‘நீங்கள்’ போடலாம். ஜெபத்தில் கடவுளிடம் பேசும் ‘நீர்’, ‘உம்மை’ மட்டும் அப்படியே இருக்கட்டும். அதை ‘நீங்கள்’ ஆக்கிப் பாருங்கள், ஆலயமே நெளியும். கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தாயிடம் ‘ஸ்திரீயே’ என்கிற இடம் தெரியும்தானே? மூலத்தில் அது அவமரியாதை இல்லை. தமிழில் பெற்றவளிடம் அப்படிப் பேசினால் அறை விழும். பொது மொழிபெயர்ப்பு அங்கே ‘அம்மா’ என்று போட்டது. சரியான முடிவு.

நான்காவது, ‘காரியக்காரன்’. ‘கிராணி’ என்று எழுத ஆசை வரும். தோட்டத்தில் பிறந்தவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். ஆனால் கிராணி என்றதும் ஆங்கிலேயர் தோட்டமும் செக்ரோலும் (ஆள் கணக்குப் பதிவேடு) ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலஸ்தீனம் மறைந்து பேராக் வந்துவிடும். வாசிப்பில் ‘மேற்பார்வையாளர்’ போதும். கிராணியைப் பிரசங்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால் திராட்சையைச் செம்பனை ஆக்காதீர்கள், ஆட்டுக்குட்டியை வேறு எதுவாகவும் ஆக்காதீர்கள். அந்த மண்ணின் பொருள்கள் அந்த மண்ணிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, கதையின் சூடு எல்லாம் சேர்ந்த வரி: ‘நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?’ மூலத்தில் இருப்பது ‘உன் கண் பொல்லாததா’ என்கிற மாதிரியான கேள்வி. ‘பொறாமைப்படுகிறாயா’ என்றால் பொருள் வந்துவிடும், கண் போய்விடும். நம் பேச்சில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: அடுத்தவனுக்குக் கிடைத்தால் கண் பொறுக்காது. அதைப் போட்டுப் பாருங்கள். ‘முறுமுறுத்தார்கள்’ மட்டும் அப்படியே இருக்கட்டும். அதைவிட நல்ல சொல் யாரிடமும் இல்லை.

எல்லாம் சேர்ந்தால் முடிவுப் பகுதி ஏறக்குறைய இப்படி வரும்:

‘மாலையானது. முதலாளி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, “ஆட்களை வரச் சொல். கடைசியாக வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடு. முதலில் வந்தவர்களுக்குக் கடைசியில் கொடு” என்றார். மாலை ஐந்து மணிக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு முழு நாள் கூலி வாங்கினார்கள். முதலில் வந்தவர்கள் தங்களுக்கு அதிகம் கிடைக்கும் என்று நினைத்தார்கள். அவர்களுக்கும் அதே ஒரு நாள் கூலிதான் கிடைத்தது. வாங்கிக்கொண்டு முதலாளியின்மேல் முறுமுறுத்தார்கள். “கடைசியில் வந்த இவர்கள் ஒரு மணி நேரம்தான் வேலை செய்தார்கள். நாங்கள் பகல் முழுவதும் வெயிலில் பாடுபட்டோம். எங்களையும் இவர்களையும் ஒன்றாக்கிவிட்டீர்களே!” என்றார்கள். அவர்களில் ஒருவனிடம் முதலாளி சொன்னார்: “நண்பனே, உனக்கு நான் அநியாயம் செய்யவில்லை. ஒரு நாள் கூலிக்கு நீ சம்மதித்தாய் அல்லவா? உன்னுடையதை வாங்கிக்கொண்டு போ. உனக்குக் கொடுத்த அளவே கடைசியில் வந்த இவனுக்கும் கொடுப்பது என் விருப்பம். என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு உரிமை இல்லையா? நான் தாராளமாகக் கொடுத்தால் உன் கண் பொறுக்கவில்லையா?”’

சொற்களில் பாதி பழைய பாடத்தில் இருந்தவைதான். ‘அநியாயம்’, ‘சம்மதித்தாய்’, ‘இஷ்டப்படி’ எதையும் நான் தொடவில்லை. வடமொழி என்பதற்காக ஒரு சொல்லைத் தூக்காதீர்கள். பாட்டியும் பேரனும் வாயில் வைத்திருக்கும் சொல்லுக்கு ஊர் எதுவாக இருந்தால் என்ன?

ஏமாற்றும் சொற்கள்

தெரியாத சொல்லைவிட, தெரிந்த மாதிரி இருந்து வேறு பொருள் தருகிற சொல்தான் ஆபத்து. தெரியாததைக் கேட்டால் பிள்ளை ‘என்னது?’ என்று கேட்கும். இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும்.

‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே!’ என்ற வசனம் இல்லாத ஆலயச் சுவர் உண்டா? இன்று வருத்தப்படுவது என்றால் மனம் நோவது. மூலத்தில் உள்ளது உடம்பு நோக உழைத்துக் களைப்பது. பழைய தமிழில் ‘வருத்தம்’ அந்தப் பொருளையும் தந்தது. இப்போது அது தேய்ந்துபோய்விட்டது. ரப்பர் பால் வாளி சுமந்தவர்களையும், செம்பனைக் குலை தூக்கி முதுகு போனவர்களையும் பார்த்துச் சொன்ன வார்த்தை, மனக்கவலைக்கு மட்டும் மருந்தாகச் சுருங்கிவிட்டது. சுவரில் இருப்பதை அழிக்க வேண்டாம். ஞாயிறு பள்ளித் தாளில் ‘உழைத்துக் களைத்தவர்களே, பாரம் சுமக்கிறவர்களே’ என்று எழுதிக் கொடுங்கள்.

‘உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு’ என்பதும் அப்படித்தான். இன்று பேச்சில் உபத்திரவம் என்றால் பக்கத்து வீட்டுக்காரன் பாட்டு போடுவது. அந்த வசனம் சொல்வது அதைவிடப் பெரிய துன்பம்.

சபைச் சொற்கள் தனி ரகம். கிருபை, இரட்சிப்பு, விசுவாசம், சுவிசேஷம் எல்லாம் நம் ஆராதனையில் பாட்டாக, ஜெபமாக ஓடிக்கொண்டிருப்பவை. கத்தோலிக்கர் பக்கம் அருள், மீட்பு, நம்பிக்கை, நற்செய்தி. உங்கள் சபை எதைச் சொல்கிறதோ அதையே வையுங்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் வருகிற துக்க வீட்டில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் பொது மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்வது உத்தமம்.

சோதித்துப் பார்ப்பது

‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ‘புரிஞ்சுது’ என்பார்கள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியில் வந்தவன் எவ்வளவு நேரம் வேலை செய்தான், மற்றவர்களுக்கு ஏன் கோபம் என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறும் இடம் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

அப்புறம் அதே தாளைப் பழைய வேதாகமத்தில் ஊறிய ஒரு பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் வேறு மாதிரி உதவுவார். ‘அந்த இடம் விட்டுட்டியே’ என்று சொன்னால் நிஜமாகவே எதையோ விட்டிருப்பீர்கள். எளிமையாக்கும்போது ‘ஏனென்றால்’, ‘ஆனாலும்’ போன்ற சின்னச் சொற்கள் நழுவிவிடும். ‘இது வேதம் மாதிரி இல்லையே’ என்று சொன்னால் ஓசை தட்டையாகிவிட்டது என்று அர்த்தம். வாக்கியங்களைத் துண்டாக்கும் உற்சாகத்தில் எல்லா வரியும் ஒரே நீளமாகி, பால்கணக்குப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். அங்கங்கே இரண்டு வரிகளைச் சேர்த்து ஒரு நீள வாக்கியமாக்குங்கள்.

அனுமதியும் அச்சும்

போதகரிடமோ குருவானவரிடமோ காட்டாமல் எதையும் ஆலயத்தில் வாசிக்காதீர்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் அங்கீகரிக்கப்பட்ட வாசகத்தைத்தான் வாசிக்க முடியும். உங்கள் தாள் மறைக்கல்வி வகுப்புக்கும் அன்பிய (அக்கம்பக்கத்துச் சிறு குழு) ஜெபத்துக்கும் உதவும். நவீன மொழிபெயர்ப்புகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. ஒரு பகுதியை அப்படியே நகலெடுத்துப் பரப்ப வேண்டுமானால் வெளியீட்டாளரிடம் கேளுங்கள். மலேசிய வேதாகமச் சங்கத்தில் வழி விசாரிக்கலாம். இந்தியத் திருத்திய பதிப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் அதை வைத்து வேலை செய்வது எளிது: பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

தாளின் தலையில் ‘வாசிப்புக்காக எளிமையாக்கியது’ என்று எழுதி, எந்தப் பாடத்திலிருந்து என்றும் குறியுங்கள். வசன எண்களை விடாதீர்கள். தங்கள் புத்தகத்தைத் திறந்து ஒப்பிடுகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தது இன்னொரு கணினியில் கிறுக்கலாகத்தான் திறக்கும். எழுத்து பெரிதாக, வரி பொருள் முடியும் இடத்தில் உடைந்து இருக்கட்டும். ‘பார்த்துக்’ ஒரு வரியிலும் ‘கொண்டார்’ அடுத்த வரியிலும் போனால் வாசிக்கிற பிள்ளை அங்கேதான் நிற்கும்.

மத்தேயு 20 நன்றாகப் போனால் அடுத்து லூக்கா 15, அப்புறம் ரூத் முழுவதும். ரோமர் நிருபத்தைக் கேட்டு வருவார்கள், அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். அதன் முதல் ஏழு வசனங்கள் கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். அதற்கு உங்களோடு உட்கார, கிரேக்கம் படித்த போதகர் ஒருவரைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.